செல்வி ஆறவைத்த தண்ணீர்

தொழிற்சாலையில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எலிக்காய்ச்சலில் செல்வி போய்விட்டாள் என்று போனில் சொன்னார்கள். "எந்தச் செல்வி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே செல்விதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் புரியவில்லை.

அவளை அறிந்த உங்களுக்கும் அவளுடைய வேலை சரியாக விளங்கியிருக்காது. கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னோடு படித்தவள், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இரசாயனவியலாளராக இருந்தாள். அணு உலையில் குழாய் உடைந்தால் போரிக் அமிலமும் கோஸ்டிக் சோடாவும் கலந்த தண்ணீரை அவசரமாகப் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். கீழே வழியும் அதே தண்ணீரைச் சல்லடையில் வடித்துத் திரும்பவும் பாய்ச்சுவார்கள். அங்குள்ள அலுமினியம் சூட்டில் கரைந்து, தண்ணீர் ஆறும்போது வெள்ளையாகத் திரண்டு சல்லடையை அடைத்துவிடும் என்றாள் இவள். மேலிடத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபத்தில்லை என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து ஊருக்கு வந்துவிட்டாள். தோட்டத்து லயன் வீடுகளிலோ, "வேலையில பிழை விட்டு அனுப்பிட்டாங்களாம்" என்று பேசிக்கொண்டார்கள். நானும் பாதி நம்பினேன்.

போன மாதம், தான் சொன்னதைச் செய்து காட்ட நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வந்தாள். கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடர், கொஞ்சம் கோஸ்டிக் சோடா, நறுக்கிய அலுமினியக் கம்பி எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, பால் வடிக்கும் வலையில் ஊற்றினாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இறங்கியது.

"எங்கடி கட்டி?"

"சூடா இருக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. அவங்களும் இந்த நேரத்துலதான் பாத்தாங்க. ஆறட்டும், இரு."

"கட்டியானா அமோனியா ஊத்திருவோம்" என்றேன். ரப்பர் பால் உறையாமலிருக்க நாங்கள் செய்வது அதுதான்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா ஊத்து. அலுமினியம் இன்னும் கூடக் கரையும், ஆறுனா கட்டியும் கூடும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன். அவள் அந்தத் தண்ணீரை ஜாம் போத்தல் ஒன்றில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அடக்கம் முடிந்ததும் அவள் அம்மா லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அவளோட படிச்ச புள்ள. எம்மக என்னதான் பிழை பண்ணுனா, சொல்லு."

அழுகையைவிட வெட்கமாக இருந்தது. அந்தப் போத்தல் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"அதையா கேக்குற? கொண்டாந்து வைக்கிறப்ப பச்சத்தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. மறுநா பாத்தா ஒரே வெள்ளை. கெட்டுப்போச்சுன்னு ஊத்துனேன். சட்டி கழுவுற எடத்துச் சல்லடை அப்படியே அடைச்சுக்கிச்சு. நான் குச்சியால குத்திக்கிட்டு நிக்கிறேன், அவ பாத்துச் சிரிக்கிறா. ஏன் சிரிச்சான்னு இன்னும் வெளங்கல."

"அவ பிழை பண்ணலம்மா" என்றேன். எப்படி என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது; கையை மட்டும் விடவில்லை.

ஒரு ஜாம் போத்தலை வைத்து அணு உலையைப் பற்றிப் பேச முடியுமா? அதுவும் எனக்குத் தெரியாது. போத்தலைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. ஆறும்வரை இரு என்றவளை விட்டுவிட்டு நான்தான் பஸ்ஸுக்கு ஓடினேன்.