சங்கு ஊதினால் அலை வரும்: சிவகாசிக் குடும்பத்துக்கு வருடப் பாஸ் சரிப்படுமா?

கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவுக்கு நாங்கள் போனது 2006 தீபாவளி முடிந்த வாரம். எழுதுவது ஒரு வருடம் கழித்து. பாதிக் காரணம் சோம்பல். மீதி, அங்கே வாங்கிய வருடப் பாஸ் முடியும் வரை அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லக் கூடாது என்று இருந்தேன். இப்போது முடிந்துவிட்டது. வெளி மாநிலத்திலிருந்து போகிறவர்கள் பாஸ் வாங்கலாமா என்று குழம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆடி பிறந்தால் ஆர்டர், லோடு என்று அவர் முகத்தையே பார்க்க முடியாது. தீபாவளி முடிந்தால்தான் கம்பெனிக்கு லீவு. ஐந்து வயது மகன் கார்த்தி டிவி விளம்பரத்தில் அந்த அலைக்குளத்தைப் பார்த்ததிலிருந்து "அப்பாகூட அலையில நிக்கணும்" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அப்பாவோடுதானாம். நான் வேண்டாமாம்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். ராஜபாளையம், செங்கோட்டை, புனலூர், கோட்டயம் வழியாகச் சுமார் 290 கிலோமீட்டர். ஒன்பதரை மணி நேரம் ஆனது. மலை வளைவுகளில் கார்த்தி இரண்டு முறை வாந்தி எடுத்தான், அவனைப் பிடித்துக்கொண்டிருந்த நான் ஒரு முறை. பையில் குளுக்கோஸ், காய்ச்சல் மருந்து, ஆறு துண்டு, மூன்று ஸ்வெட்டர். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் விற்கிற கடையைக் கண்டுபிடித்ததைத் தனிப் பயணக் கட்டுரையாகவே எழுதலாம்.

டிரைவர் முத்துப்பாண்டிக்கு இந்தப் பயணமே பிடிபடவில்லை. "ஏன்க்கா, நனையுறதுக்கா இம்புட்டுத் தொலவு? குழாயில தண்ணி வர்ற அன்னைக்குக் கீழ உக்காந்தா போதாதா?"

"அதுதான் வாரத்துக்கு ஒரு தடவகூட வர மாட்டேங்குதே தம்பி."

"அப்ப அதுக்கும் ஒரு பாஸ் போட்ருங்க."

அன்று லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை பத்தரைக்குப் பூங்காவில் இருந்தோம். பெரியவர்களுக்கு 350 ரூபாய், சிறுவர்களுக்கு 250. வருடப் பாஸ் ஆளுக்கு 900. அன்றே மாலை ஐந்து மணிக்குள் வாங்கினால் டிக்கெட் காசைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் பண்டிகை நாட்களிலும் செல்லாது. ஐந்து மணி வரை யோசிக்கலாம் என்று உள்ளே போனோம்.

நேராக அலைக்குளம். அப்பாவும் மகனும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அலை வருவதற்கு முன்னால் அங்கே சைரன் போலச் சங்கு ஊதுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊதியது. குளத்தில் இருந்த கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு ஆழத்தை நோக்கி ஓடியது. என் வீட்டுக்காரர் கார்த்தியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று எதிர்த்திசையில் ஓடினார். கட்டடத்தை எல்லாம் தாண்டி, புல்வெளி நடுவில் போய்த்தான் நின்றார்.

அவர் மட்டுமில்லை. இன்னும் நான்கு பேர் தோளில் ஆளுக்கொரு பிள்ளையோடு, சொட்டச் சொட்ட அதே புல்வெளியில் நின்றார்கள். குளத்தில் அலை ஜோராக அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி எந்தக் கம்பெனி?"

"வெம்பக்கோட்டைப் பக்கம். நீக?"

"திருத்தங்கல் ரோடு."

காவலுக்கு நின்ற மலையாளத்துப் பையன் என்ன ஆயிற்று என்று கேட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது? ஐந்து பேரும் சிரித்தார்கள். "தீப்பிடிச்சுச் சங்கு ஊதுனா வெட்டவெளிக்கு ஓடுங்கன்னு கம்பெனியில வருசம் பூரா நாமதான சொல்லிக் குடுக்கோம். இங்கன வந்து நில்லுன்னா காலு கேக்குமா?" என்றார் வெம்பக்கோட்டைக்காரர்.

மதியம் மறுபடி சங்கு. "அலைதான், அலைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓடினார் என் வீட்டுக்காரர். மூன்றரை மணிச் சங்குக்கும் அப்படியே. "எறக்கி விடுங்கப்பா!" என்று கார்த்தி தோளில் கிடந்து கதறினான். நான் கூட நிற்கிறேன் என்றதற்கு, "நீ வேண்டாம்" என்று இன்னும் பலமாக அழுதான். இத்தனை தூரம் வந்து, பிள்ளைக்கு ஒரு அலைகூடக் கிடைக்கவில்லை.

நாலரைக்குக் கவுண்டர் முன்னால் நின்று வீட்டுக்காரரிடம் வாதாடினேன். கோடை விடுமுறையில் பாஸ் செல்லாது. மற்ற நாளில் உங்களுக்கு லீவு கிடையாது. எதற்கு இது?

"அடுத்த தீவாளி லீவுக்கு வருவோம்ல? தீவாளிக்குத் தீவாளி ஒரு வருசம்தான?" என்றார்.

"அப்பவும் ஓடிட்டா?"

"நிப்பேன். பழகிக்கிட ஒரு வருசம் இருக்குல்ல."

கார்த்தி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். அதற்கு மேல் நான் என்ன கணக்குச் சொல்வது? வாங்கிவிட்டோம். அக்டோபர் 26, 2006 என்று முத்திரை குத்தித் தந்தார்கள்.

இந்த வருடம் புரட்டாசியில்தான் எனக்கு உறைத்தது. 2006 தீபாவளி அக்டோபர் 21. 2007 தீபாவளி நவம்பர் 8! பாஸ் முடிவது அதற்கு இரண்டு வாரம் முன்னால், லோடு ஏற்றவே நேரம் இல்லாத நாட்களில். நாடு முழுக்கக் காலண்டர் அச்சடித்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. பாஸ் வாங்கியபோதே 2007 காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பி.காம். படித்த நானும் அதைப் புரட்டவில்லை.

ஆகவே என் முடிவு: வருடத்தில் இரண்டு முறையாவது உறுதியாகப் போக முடிந்தால் மட்டும் பாஸ் வாங்குங்கள். செல்லாத நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வருடமும் அவர்கள் வருடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்வெட்டர் வேண்டாம்.

போன வாரம் புது டிக்கெட் எடுத்து மறுபடி போனோம். பழைய பாஸைக் காட்டி ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டேன். கவுண்டர் பெண் அழகாகச் சிரித்தார். அலைக்குளத்தில் சங்கு ஊதியது. என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடி, கார்த்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வந்து இரண்டு பேரையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. தண்ணீரைத் துப்பிக்கொண்டே கார்த்தி சிரித்த சத்தம் புல்வெளி வரைக்கும் கேட்டது.

ஆமாம், நான் புல்வெளியில் இருந்தேன். எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நனைந்த சுடிதாரோடு மூச்சு வாங்க நின்ற பெண் கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரவுக எந்தக் கம்பெனிக்கா?"