முப்பத்தோராவது கோப்பை

இது நடந்தது. தேதி, மணி, அன்று என் காலில் இருந்த ஓட்டை பூட்ஸ் வரைக்கும் நினைவிருக்கிறது. 1991, டிசம்பர் 5, வியாழக்கிழமை. நம்ப மனமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் பெயர் ரோதிக்கா. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. பிறர் வாயைப் பிளக்க வைத்துப் பிழைக்கிறவள், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. வியாழன்தோறும் எனக்கு விடுமுறை. அன்று நாங்கள் நாலு பேர் ஒரு பழைய வேனில் மலையடிவாரத்து அநாதை இல்லத்துக்குப் போவோம். குழந்தைகளைக் குளிப்பாட்டுவோம், ஊட்டிவிடுவோம், மடியில் வைத்துக்கொள்வோம். மாடி வார்டில் மட்டும் முப்பத்தொரு குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஒரு வேளைக்கு ஒரே ஓர் ஆயா. எங்களால் ஆனது கடுகளவு. அது எங்களுக்கும் தெரியும்.

அந்தக் குழந்தைகள் பேச மாட்டார்கள். அழவும் மாட்டார்கள். அழுது யாரும் வந்ததில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

ஸ்மரந்தாவுக்கு ஆறு வயது. பார்த்தால் மூன்று என்பீர்கள். ஜன்னலோரம் கடைசிக் கட்டில். நான் போனதும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, அந்தப் பிடி மட்டும்தான். கிளம்பும்போது அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என் விரலை மீட்க வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு வியாழன்கூட அவளாக விட்டதில்லை. வீடு போய்ச் சேரும்வரை அந்த விரல் வலித்துக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் தம்பதி, பிள்ளை இல்லாதவர்கள். நாயாய் அலைந்து காகிதமெல்லாம் முடித்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து அழைத்துப்போவார்கள். இன்னும் நாலே நாள்.

அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. மூச்சு விடத் திணறினாள். நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன் சார். வேன் வாசல்ல நிக்குது."

"டாக்டர் கையெழுத்து இல்லாம ஒரு குழந்தையும் கேட்டைத் தாண்டக் கூடாதும்மா."

"டாக்டர் எப்ப வருவார்?"

"திங்கக்கிழமை."

"அதுவரைக்கும்?"

"மாத்திரை குடுத்திருக்கோம்ல. நீ போய் உன் பல்லைப் பாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். கேட்டில் காவலுக்குக்கூட ஆளில்லை. ஆனால் இந்த மனிதரைப் பகைத்துக்கொண்டால் திங்கட்கிழமைக் காகிதத்தில் கை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. வேன் ஓட்டும் சில்வியு அவசரப்படுத்தினான்.

"இப்ப விட்டா அப்புறம் பாதை கிடையாது. வர்றியா, இல்லையா?"

"நான் இங்க இருக்கேன். நீ காலையில வா."

"அந்தக் குட்டிக்காகவா?"

"வேற யாருக்காக."

அவர்கள் போனார்கள். ஸ்மரந்தா தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புனித நிக்கோலஸ் திருநாள், குழந்தைகளுக்குப் பரிசு வைக்கிற நாள். நான் முப்பத்தொரு எனாமல் கோப்பைகள் கொண்டுபோயிருந்தேன். அந்த இல்லத்தில் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. போட்டுக்கொள்ளும் சட்டைகூடக் குவியலிலிருந்து கைக்கு வந்ததுதான். அதனால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு பெயர் எழுத நினைத்தேன். சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தேன். அதன் வாடை ஸ்மரந்தாவின் இருமலுக்கு ஆகாது என்று கீழே சமையலறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவளுக்காகத்தான் போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

கடைசியாக அவள் பெயரை நிதானமாக எழுதி முடித்தேன். அப்போது விளக்கு ஒருமுறை துடித்தது. அணைந்தது. சமையலறைக் கடிகாரத்தில் மணி 4.50.

டிசம்பரில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. தடவித் தடவி ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து அடுப்பில் பற்றவைத்தேன். ஒரு கையில் கோப்பைக் கூடை, ஒரு கையில் மெழுகுவர்த்தி. மாடி ஏறினேன். வார்டு வாசலில் பரஸ்கீவா அக்கா சூப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். மாலை நேர ஆயா, நாலரைக்குத்தான் வேலைக்கு வந்தவர். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மெழுகுவத்தியக் கீழ வை மொதல்ல."

"வெச்சா இருட்டுல எப்படிக்கா குடுக்கறது?"

"ஒரு கையில கோப்பை, ஒரு கையில மெழுகுவத்தி... இது எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியலையா?"

தெரியும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். செத்தவர் பேரில் கோப்பையோ ரொட்டியோ கொடுக்கும்போதுதான் மெழுகுவர்த்தி எரிய வேண்டும். உயிரோடிருப்பவர் இங்கே வாங்கிக்கொண்டால், அது அங்கே செத்தவருக்குப் போய்ச் சேரும். வாங்குகிறவர் நன்றி என்று சொல்லக் கூடாது. அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. 'போக்தப்ரோஸ்தே.' கடவுள் அந்த ஆத்மாவை மன்னிக்கட்டும் என்று பொருள். மற்ற நேரத்தில் விளையாட்டுக்குச் சொன்னாலும் வீட்டில் அறை விழும்.

"கரண்ட் போனதுக்கு நான் என்னக்கா பண்றது," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

மணி 5.05.

முதல் கட்டில் தோதெர். ஒன்பது வயது. அவன் குரலை யாருமே கேட்டதில்லை. இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"போக்தப்ரோஸ்தே."

பின்னால் டங்கென்று ஏதோ விழுந்தது. அக்காவின் கரண்டி.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"நானா? இதுங்களுக்கு யாரு அப்படிக் கோப்பை குடுத்திருக்கா, அந்த வார்த்தை தெரியறதுக்கு?"

இரண்டாவது கட்டில். சின்னக் கை நீண்டது.

"போக்தப்ரோஸ்தே."

மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு கட்டிலிலும் அதே சொல். தணிந்த குரலில், அவசரமே இல்லாமல்... பெரியவர்கள் சொல்வதுபோல.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அக்கா இல்லை. படியில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது.

நானும் ஓடியிருப்பேன். ஆனால் கைகள் நீண்டுகொண்டே இருந்தன. கொடுக்காமல் எப்படிப் போவது?

பதினேழாவது கட்டில், ஒலிம்ப்யா. பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள். எந்தச் சொல்லையும் கேட்டறியாதவள்.

அவளும் சொன்னாள்.

மெழுகு என் கைமேல் சொட்டியது. கூடையில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடத்தன. 

இருபத்தெட்டு... இருபத்தொன்பது... முப்பது.

இன்னும் ஒன்று.

ஜன்னலோரம்.

நாலடி வைத்தேன். ஜன்னல் இடுக்கிலிருந்து காற்று. மெழுகுவர்த்தி அணைந்தது.

இருட்டு.

"ஸ்மரந்தா... இந்தா கண்ணு. உன் பேர் போட்டிருக்கு."

கீச்... கட்டில் கம்பி.

ஒரு கை கோப்பையை வாங்கியது.

காத்திருந்தேன். அந்தச் சொல்லுக்காக.

வரவில்லை.

ஒரு நிமிடம் நின்றேன். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. எனக்கு இவள்தான் முக்கியம், இவள் சொல்லவில்லை.

பிறகு என் சுண்டுவிரலை அந்தப் பிடி பிடித்தது. கை சில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம்.

பிறகு ஒரு விரல் விலகியது. இன்னொன்று. இன்னொன்று...

அவளாகவே விட்டுவிட்டாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் திரும்பி வருவேன் என்று ஒருவழியாக நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் கீழே வந்தேன். மணி 5.25. அக்கா அடுப்புக்கு முன்னால் சிலுவை போட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் அங்கேயே பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

காலை ஏழு மணிக்கு வெளிச்சத்தில் மாடிக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் மெத்தை இல்லை. வெறும் கம்பிதான் இருந்தது.

பகல் நேர ஆயா லெனுட்சா அப்போதுதான் வேலைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டை நீட்டினாள். அவள் கையெழுத்துதான். '4.00, ஸ்மரந்தா கீழே தனியறைக்கு மாற்றம். மெத்தை அகற்றப்பட்டது. 4.50, மரணம்.'

"அறையைப் பூட்டிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன்," என்றாள். "உன்கிட்ட சொன்னா ராத்திரி பூரா ரகளை பண்ணுவ. அதான் பரஸ்கீவாகிட்டகூடச் சொல்லலை."

அந்தத் தனியறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் அவள் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தபோது அவள் அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள்.

முப்பது தலையணைகளுக்கு அடியிலும் முப்பது கோப்பைகள் இருந்தன. ஸ்மரந்தாவின் கோப்பை மட்டும் இல்லை. கட்டிலடியில் தேடினேன், பூட்டைத் திறக்கச் சொல்லித் தனியறையில் தேடினேன், ஜன்னலுக்குக் கீழே பனியைத் தோண்டிக்கூடப் பார்த்தேன். தோதெரிடம் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான். அவனோ மற்ற குழந்தைகளோ அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

"அவ ஏன்க்கா அந்த வார்த்தையச் சொல்லலை?" என்று பரஸ்கீவா அக்காவிடம் கேட்டேன்.

"செத்தவங்க பேர்ல வாங்கிக்கறவங்கதான் சொல்லணும். அது யாருக்குப் போய்ச் சேருதோ, அவ எதுக்குச் சொல்லணும்?"

சனிக்கிழமை மதிலுக்குப் பின்னால் புதைத்தோம். திங்கட்கிழமை அந்தத் தம்பதி வந்தார்கள். நல்ல கனமான குட்டிக் கோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். அன்று டாக்டரும் வந்தார். கையெழுத்துப் போட எதுவும் இல்லை.

என் சுண்டுவிரல் அன்றிலிருந்து மரத்துக் கிடக்கிறது. எங்கள் பல் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், எனக்குத் தெரியவே இல்லை. கோடையிலும் அந்த ஒரு விரல் மட்டும் சில்லென்றிருக்கும். விட்டுவிட்டாள் என்று அன்றைக்கு நான்தான் நினைத்துக்கொண்டேன்.