ஒப்பிட வைத்த இரத்தம்

பேராதனையில் நான் வேலை செய்யும் மரபணு ஆய்வுகூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் டிஎன்ஏயோடு ஒப்பிட, சுகமாக இருக்கும் எங்கள் ஆட்களின் இரத்தத்தையே எடுப்போம். அந்தத் தடவை எடுத்தது என் இரத்தம்.

மடவளையிலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா, அவர்கள் வழக்கில் ராத்தா, நடந்தால் விழுந்துவிடும் ஏழு வயது மகளோடு வந்தார். கணவர் மாமாவின் மகனாம்.

"சொந்தத்துக்குள்ள கட்டினா இப்படித்தான் ஆகும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டிஎன்ஏயைத் துண்டு துண்டாகப் படித்த பழைய சோதனையில் எதுவும் அகப்படவில்லை. நீளநீளமாகப் படிக்கும் புதிய இயந்திரத்திலும் ஒன்றுமில்லை என்றே எழுதினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. என் இரத்தத்தில் இருப்பதையெல்லாம் சாதாரணம் என்று கணினி ஒதுக்கிவிடும்படி நானே வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

தசைக்கான மரபணு ஒன்று நடுவில் அறுந்து தலைகீழாகத் திரும்பியிருந்தது. பிள்ளைக்கு, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்த இரண்டிலுமே. எனக்கு ஒன்றில் மட்டும், அதனால்தான் நோயில்லை. அறுந்த இடம் எங்கள் இருவரிலும் ஓரெழுத்துகூட மாறவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் எங்கோ ஒரே மூதாதை.

ராத்தாவை அழைத்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதுவரை என்னை மிஸ் என்று கூப்பிட்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் எங்கட சொந்தம்தானே, தங்கச்சி."

யாரைக் கட்டினீர்கள் என்று வரும் பெற்றோரிடம் படிவத்துக்காக இன்றும் கேட்கிறேன். பதிலை எழுதிக்கொள்வதோடு சரி.