டோரீன் அம்மாளின் ஜன்னல்

வினிகரில் நனைத்த துணியால் டோரீன் விபர்லி ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம். திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள இந்த ஊரில், ஆற்றின் மேல்கரை ஆட்களுக்கும் கீழ்க்கரை ஆட்களுக்கும் பந்தாட்டம் நடக்கும். ஊரே மைதானம். கண்ணாடிக்குப் பலகை அடிக்காதவர்கள் கிடையாது. டோரீனும் தன் விடுதி முழுக்க அடித்துவிட்டார், இந்த ஒன்றைத் தவிர.

"ஒரு பலகை மிச்சம் இருக்கு, இதுக்கும் அடிச்சிடவா?" என்றார் தச்சர் ஆல்சாப்.

"கைய வெச்சுப் பாரு, ஆயுசுக்கும் இங்க பீர் கிடையாது உனக்கு."

குதிரை வண்டிக் காலத்து விடுதி அது. டோரீனின் தாத்தா நாளில் பந்து இந்த ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்ததாம். அந்தக் கட்டிலில் படுக்கத்தான் வெளியூர் ஆட்கள் வருவார்கள். ஆண்டுதோறும் தங்குகிற எனக்கே கதையை முழுக்கக் கேட்டால்தான் சாவி கிடைக்கும். கட்டிலில் ஒரு பாதிரியார் படுத்திருந்தார் என்பது இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது.

போன வருடம் வந்தது வினை. எதிரே இருக்கும் 'நீலப் பன்றி' விடுதியின் கண்ணாடியைப் பந்து உடைத்துவிட்டது. அவர்கள் சில்லுகளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். விருந்தாளிகளெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட, இங்கே நான் ஒருவன்தான் மிச்சம்.

"நேத்து உடைஞ்சதெல்லாம் ஒரு சரித்திரமா?" என்று பொருமுவார் டோரீன். சிரிப்பை அடக்கிக்கொள்வேன். பாவமாகவும் இருக்கும்.

பிற்பகலில் ஆட்டம் எங்கள் தெருவுக்குள் வந்தது. சேறும் வியர்வையுமாக ஒரு பெருங்கும்பல். நடுவிலிருந்து பந்து எழும்பி நேராக எங்கள் ஜன்னலை நோக்கி வந்தது. எனக்குப் பக்கத்தில் டோரீன் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து மேல்கரை நைஜல் குறுக்கே பாய்ந்து, நெஞ்சைக் கொடுத்துப் பந்தைத் தடுத்தான்.

"பயப்படாதீங்கம்மா! நான் இருக்கிற வரைக்கும் உங்க கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது!"

"நீ ஏன்டா இருக்கே?" என்றார் டோரீன்.

கும்பல் பந்தோடு ஆற்றுப்பக்கம் ஓடிவிட்டது. டோரீன் வாசலுக்கு இறங்கித் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். ஒரு ஈ காக்காய் இல்லை.

"உங்க டீ ஆறிடும். உள்ள போய்க் குடிங்க," என்றார் என்னிடம்.

படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே நின்று, வலது காலணியைக் கழற்றிக் கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்.