கேபிள்காரர் நிறுத்திய கார்ட்டூன்

"அண்ணே, நம்ம தெருவுல கார்ட்டூன் எதுவும் வரலையாம். கேக்கச் சொன்னாங்க."

"சிக்னல் கோளாறு டீச்சர்."

"சீரியல் வருதே?"

"அது வேற சிக்னல்."

"நியூஸ்?"

"அது..." என்று இழுத்த ஜெயபாண்டி அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் நிப்பாட்டினேன். யார்ட்டயும் சொல்லிப்புடாதீக."

"சீரியலையும் நிப்பாட்டியிருக்கலாமே?"

"உசுரோட இருக்கணும்ல!"

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அவர்தான் கேபிள்காரர். என் பக்கத்து வீடு. சொந்தமாகக் கன்ட்ரோல் ரூம் வைத்து, அங்கிருந்தே எல்லா வீட்டுக்கும் சேனல்களை அனுப்பினார். மகள் சத்யப்ரியாவுக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. பசித்தால் ரிமோட்டை நீட்டுவாள். கோபம் வந்தால் அதையே எறிவாள். விளம்பரம் வந்தால் வாயிலிருக்கும் சோறு அப்படியே நிற்கும். காதில் குறையில்லை, டி.வி.யை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு கேபிள்காரரிடம்.

அண்ணன் வீட்டு வயரைப் பிடுங்கினார். பிள்ளை எதிர்வீட்டு மாயக்காள் அக்கா டி.வி. முன் போய் உட்கார்ந்தாள். அங்கே கதவைச் சாத்தினால் அடுத்த வீடு. எல்லா வீட்டிலும் ஓடியது அண்ணனின் கேபிள். வேறு வழியின்றி மொத்தத் தெருவுக்கும் கார்ட்டூனை நிறுத்தினார்.

மறுநாளே தாய்மார்கள் சோற்றுக் கிண்ணத்தோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். காக்காயைக் காட்டினார்கள், நாயைக் காட்டினார்கள். பிள்ளைகள் மசியவில்லை. அப்போது பைக்கில் வந்த அண்ணனைக் கண்டு மாயக்காள் அக்கா கத்தினார்: "அந்தா வாரான் பாரு, எடுபட்ட பய! கார்ட்டூனத் தின்னுட்டு வாரான். வாயத் தொற, ஒன்னையும் தின்னுருவான்!"

எல்லா வாயும் திறந்தன. அன்றிலிருந்து அண்ணன்தான் கார்ட்டூன். சாப்பாட்டு நேரத்துக்கு அவர் வரத் தாமதித்தால் போன் செய்து கூப்பிட்டார்கள். சத்யப்ரியாவும் கூட்டத்தில் நின்று வாய் திறந்தாள்.

ஒருநாள் அவர் பைக்கைத் திருப்பும்போது, சோற்றை விழுங்கிவிட்டு அவள் விரலை நீட்டினாள்.

"எடுபத்த பய!"

அவள் பேசிய முதல் பேச்சு அது. அண்ணி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அண்ணன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்து மகளைத் தூக்கினார். "இன்னொருக்கா சொல்லு தாயி!" அவள் சொன்னாள். தெருவே கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

சாயங்காலம் என் வாசலுக்கு வந்து தயங்கி நின்றார்.

"டீச்சர், நீங்க அதிகம் பேச மாட்டீக, தெரியும். நான் நிப்பாட்டினதக்கூட யார்ட்டயும் சொல்லல. பாப்பாட்ட மட்டும் தெனம் கொஞ்ச நேரம் பேசுங்க. அந்த வார்த்தைய மாத்த வேணாம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கூடவே 'அப்பா'ன்னு ஒண்ணு சேத்துக் குடுங்க."