பக்கத்து மேஜைச் சீட்டுகள்

இதை நான் கற்பனை பண்ணி எழுதவில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்த நேரங்களைக்கூடக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்காது. அதற்காக எதையும் மறைக்கப் போவதில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜப்பானிய மொழிப் புத்தகங்களுக்குப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. இறந்துபோன ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பதிவு செய்ய ஒப்பந்தத்தில் இரண்டு பேரை எடுத்தார்கள். நானும் அவளும். முடிவில் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை.

"யாரு அதிகம் முடிக்கிறீங்களோ, யாரோடதுல தப்பு கம்மியோ, அவங்களுக்கு. அழுகை, சிபாரிசு எதுவும் என்கிட்ட செல்லாது" என்று பிரிவுத் தலைவி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவளுக்கு நான் வைத்த பெயர் டோக்கியோ. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படித்தவள். அப்பா பேராசிரியர், அம்மா டாக்டர். சாப்பிடும்போதுகூட அந்த மொழி நாவலைப் பொழுதுபோக்காகப் புரட்டுவாள். நான் அதே மொழியைக் கற்றது இஸ்திரிக் கடையின் பின்னறையில். அம்மா துணியைத் தேய்க்க, நான் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்து எழுத்துகளைப் படித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"புத்தகத்துக்கெல்லாம் பேரு வைக்கிறியா?"

"பேரு ஏற்கெனவே இருக்கும்மா. அதை எழுதி வைக்கிறேன்."

"இருக்கிறதைத் திரும்ப எழுதவா இவ்ளோ படிச்ச?"

அந்தப் புத்தகங்களில் வெளியீட்டு விவரமெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு காகிதச் சீட்டில் குறித்துப் புத்தகத்துக்குள் செருகி, பிறகு கணினியில் ஏற்ற வேண்டும். அது சுலபம். உயிரை வாங்குவது ஆசிரியரின் பிறந்த ஆண்டுதான். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் எழுதியிருப்பார்கள். பிறந்த ஆண்டைப் போட்டால்தான் இவர் வேறு, அவர் வேறு என்று பிரியும். ஊர் பேர் தெரியாத ஓர் ஆசிரியர் என்றால், அந்த நாலு எண்ணைத் தேடி அரை நாள் ஓடிவிடும்.

நான் ஒரு நாளைக்குப் பதினேழு முடித்தேன். டோக்கியோ நாற்பது முடித்தாள்.

நாலாவது மாதம்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அவள் டீ குடிக்கப் போனபோது அவள் சீட்டுகளைப் புரட்டினேன். எல்லாம் அவளுடைய நீலப் பேனா எழுத்து. பிறந்த ஆண்டு மட்டும் பென்சிலில். சின்னச் சின்னதாக, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. மூன்று நாள் வேவு பார்த்தேன். மாலை 5:35க்கு அவள் கிளம்பும்போது அந்த இடம் காலியாக இருக்கும். காலை 8:50க்கு நான் வரும்போது நிரம்பியிருக்கும்.

யாரோ இவளுக்கு எழுதித் தருகிறார்கள்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த நாள்வரை எனக்கு ஒரு பென்சில் சீவிக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

"யாரு உனக்கு எழுதித் தர்றது?" நேராகவே கேட்டேன்.

சிரித்தாள். "நடிக்காத. நீதானே? ரொம்ப தேங்க்ஸ்."

நக்கல் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை. அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் காவலாளியிடம் வேலை பாக்கி என்று சொல்லிவிட்டுத் தங்கினேன். டோக்கியோவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் குளிருக்கு விட்டுப்போகும் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். வாசனைகூட நன்றாகத்தான் இருந்தது, சனியன். எழுதித் தருபவர் வந்து குனியும்போது கையும் களவுமாகப் பிடிப்பது என் திட்டம்.

மணி 1:40. குளிர்சாதனம் நின்றது. கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. என் மூச்சே எனக்குக் கேட்டது.

மணி 1:52. பின்னால் ஒரு சத்தம். கிர்ர்ர்...

எங்கள் அலமாரிகள் தண்டவாளத்தில் நகர்பவை. கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினால்தான் அசையும். கடைசி அலமாரியின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. தானாக.

ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. நின்றது.

உள்ளே யாருமில்லை.

மணி 2:03. சர்... சர்...

பென்சில் சத்தம். தூரத்தில் இல்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில்.

மேஜையில் கிடந்த சீட்டின் சுருண்ட முனை மெல்லப் படிந்தது. யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்ததுபோல. காலி இடத்தில் ஒன்று... ஒன்பது... இரண்டு... எண்கள் வந்தன. பென்சில் இல்லை. கை இல்லை. எண்கள் மட்டும்.

மற்றவர்களாக இருந்தால் ஓடியிருப்பார்கள். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பேய்கூட இவளுக்குத்தான் வேலை செய்கிறதா என்ற ஆத்திரம்.

"எனக்கு மட்டும் ஏன் எழுதல?"

வாய்விட்டுக் கத்தினேன்.

சத்தம் நின்றது.

என் தலையிலிருந்த சால்வை... பின்னால் நகர்ந்தது. ஒரு விரல் அகலம். இன்னொரு விரல். முகத்தைப் பார்க்க விலக்குவதுபோல.

விழுந்தது.

கன்னத்தில் குளிர்ந்த மூச்சு.

பிறகு எதுவுமில்லை.

மணி 2:06.

சர்... சர்... சர்... சர்...

இந்தமுறை என் மேஜையிலிருந்து.

ஓடினேன்.

திங்கட்கிழமை காலை என் சீட்டுகள் முப்பத்தொன்றும் நிரம்பியிருந்தன. பத்தைச் சரிபார்த்தேன். பத்தும் சரி. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஆமாம், ஏற்றினேன். மறுநாளும் நிரம்பியிருந்தது. அதற்கு மறுநாளும். நான் நாற்பத்தைந்துக்குப் போனேன். டோக்கியோ பன்னிரண்டுக்கு இறங்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்தாள். "ஏன் நிறுத்திட்ட? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

அவள் நக்கல் பண்ணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான்தான் உதவுகிறேன் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"எனக்கும் வேலை இருக்குல்ல" என்றேன்.

நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. "எம்பொண்ணு புத்தகத்துக்குப் பேரு வைக்கிற ஆபீசர்" என்று அம்மா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். டோக்கியோ என் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பழைய சீட்டுகளை அழிக்கும் முன் மேடம் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். ஒரு சீட்டில் நின்றுவிட்டார்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"பொய் சொல்லாத. இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்."

எழுந்து கதவைச் சாத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அதே இரண்டு மேஜைகளில் அவரும் இன்னொருத்தியும் இருந்தார்களாம். அப்போதும் ஒரே ஒரு வேலைதானாம்.

"முதல்ல அவளுக்குத்தான் சீட்டு நிரம்புச்சு. அது வேற யாரோட கையெழுத்தோ. பொறாமைல ஒருநாள் நானும் கத்தினேன், எனக்கு ஏன் எழுதலன்னு. மறுநாள்லேர்ந்து எனக்கு வந்துச்சு. வேலையும் எனக்கே வந்துச்சு."

"அவங்க?"

"வீட்டுக்குப் போனா. அதுக்கப்புறம் எட்டு மாசம்தான் உயிரோட இருந்தா. என்ன வியாதின்னு எந்த டாக்டருக்கும் தெரியல. விரலெல்லாம் கறுத்துப் போகுமாம். கழுவி விட்டா மறுநாள் காலைல திரும்பக் கறுத்திருக்குமாம். அவ அண்ணன் சொன்னார்."

சீட்டை என் பக்கம் தள்ளினார். தொடப் பிடிக்காததுபோல, ஒரு விரலால்.

"இது அவ கையெழுத்து."

என் மேஜைக்கு வந்து டோக்கியோவுக்குப் போன் செய்தேன். காலை 10:20. நாலாவது மணியில் எடுத்தாள்.

"எப்படியிருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன். வேலை தேடிட்டிருக்கேன். கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்ளோதான்... ஒண்ணு மட்டும் புரியல."

"என்ன?"

"காலைல எழுந்தா வலது கை விரலெல்லாம் கரி. பென்சில் கரி மாதிரி. நான் இப்ப எதையும் எழுதுறதே இல்லப்பா."

முந்தின மாலை நான் காலியாக விட்டுப்போன நாற்பத்தெட்டுச் சீட்டுகள் என் முன்னால் இருந்தன.

ஒன்றுகூடக் காலியாக இல்லை. அந்தப் பென்சில் எழுத்து இடது பக்கம் சாயவில்லை, டோக்கியோவின் நீலப் பேனா எழுத்துபோலவே நிமிர்ந்து நின்றது.