தலையணை கட்டிய கதாநாயகன்

என் மாமா எடுத்த குறும்படத்தில் நான் நடிக்கவில்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை என்று பத்து வயதில் உறுதியாக நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கைக்குப் பெரிய சேதாரம் எதுவும் வந்துவிடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் தாலி கட்டினாலும் படம் பிடிப்பது அவர்தான். அவருக்கு மட்டும் முப்பத்திரண்டு வயதாகியும் ஒன்றும் அமையவில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் மாப்பிள்ளை கொஞ்சம் குண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து யார் எதிரே வந்தாலும் மாமா மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். எனக்கு அது விளங்கவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே பூசின உடம்புதான், எனக்கும் சேர்த்து. வயிறு இருப்பது ஒழுங்காகச் சாப்பிட்டதற்கு அத்தாட்சி என்றே நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட மாமா ஒரு காதல் கதை எழுதினார். குண்டான ஒருவன் தன் உடம்புக்கு வெட்கப்பட்டு, பிடித்த பெண்ணோடு பேசாமலே திரிகிறான். கடைசியில் அவளே வந்து, "எனக்கு உங்களப் புடிச்சிருக்குது" என்று சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. கதாநாயகி, ஸ்டுடியோவுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த அக்கா. கதாநாயகன் விஷயத்தில்தான் மாமா தன் புத்தியைக் காட்டினார். தானே நிற்கக் கூச்சம். அதனால் தினமும் ஜிம்முக்குப் போய் வந்த தன் நண்பரைப் பிடித்து, அவர் வயிற்றில் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டி, அதன்மேல் தன்னுடைய சட்டையையே மாட்டிவிட்டார்.

ஜெராக்ஸ் அக்காவின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூட ஒரு பெண் பிள்ளை துணைக்கு வந்தால்தான் மகளை அனுப்புவாராம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதற்காக என்னை அனுப்பினார்கள். நான் என்னை ஒரு போலீஸ் அதிகாரியாகவே பாவித்துக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தோடு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செஞ்சிக் கோட்டைக்குள், ராஜகிரி மலை அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கம் செல்போனில் படப்பிடிப்பு. கோட்டைக் குரங்குகளைப் பற்றிச் செஞ்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் பொட்டலம் இருந்தால் பிடுங்கிவிடும் என்று, நான் அதைக் கதாநாயகனின் சட்டைக்குள், தலையணைக்கு மேலே, பத்திரமாக ஒளித்து வைத்தேன். என்னைவிடக் கெட்டிக்காரக் குரங்கு ஒன்று மதில் மேல் இருந்தது. குதித்து வந்து அவர் சட்டைக்குள் கையை விட்டது. அவர் அலறிக்கொண்டு ஓட, அது முறுக்கோடு தலையணையையும் சேர்த்து உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் தலையெல்லாம் பஞ்சு.

மாமா இடிந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ்ளோதான். பேக்கப்."

"உனக்குத்தான் சொந்தமாவே இருக்குதே மாமா. நீயே நில்லேன்" என்றேன்.

மாமாவின் முகம் சுருங்கிப் போயிற்று. ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். அன்றும் மூடிக்கொண்டார். மூடிய கைக்குள்ளிருந்தே, "பாப்பா சொல்றது சரிதானே?" என்றார்.

நண்பர் செல்போனை வாங்கிக்கொண்டார். மாமா வயிற்றை எக்கிக்கொண்டு போய் நின்றார். அக்கா தன் வரியைச் சொன்னார். மாமா, "எனக்கும்தான்" என்று பதில் சொல்ல வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்திருப்பவர் எங்கே பேசுவது? முகம் சிவந்து, கண் பிதுங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மூச்சு வுடு மாமா, செத்துடப் போற!" என்று கத்தினேன்.

விட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போய் விழுந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வாயை மூடவே மறந்துவிட்டார். மாமாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எக்கவே இல்லை.

இரண்டாவது டேக்கிலேயே நண்பர் ஓகே சொல்லிவிட்டார். அக்காதான் விடவில்லை. முடி பறந்துவிட்டது, இன்னொரு வாட்டி என்றார். அப்புறம் காக்கா கத்திவிட்டது, இன்னொரு வாட்டி. அப்புறம் வெயில் கண்ணில் அடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா சொல்வது இதைத்தான் என்று தெரிந்துகொண்டேன். ஆக மொத்தம் ஒன்பது டேக். ஒன்பது தடவையும், "எனக்கு உங்களப் புடிச்சிருக்குது."

துணைக்குப் போனவள் வீடு வரை கொண்டுபோய் விட வேண்டுமல்லவா? அக்காவின் அம்மா முறத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒளிவுமறைவில்லாமல் புகார் கொடுத்தேன்.

"அக்காவுக்கு நடிக்கவே வரல. மூணே வார்த்த, ஒம்போது வாட்டி சொன்னாங்க. மாமா பாவம், வெயில்லயே நின்னாரு."

அவர் கை அப்படியே நின்றது. உள்ளே மகள் வெகுநேரமாக முகம் கழுவிக்கொண்டிருந்தார். "யாரு இன்னொரு வாட்டின்னு கேட்டது?" என்றார் அந்த அம்மா. அக்காதான் என்றேன். பிறகு மாமா குடிப்பாரா, கோபம் வருமா, ஸ்டுடியோ சொந்தமா வாடகையா என்றெல்லாம் கேட்டார். படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாவிட்டாலும், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கை நிறையப் பருப்பு கொடுத்தார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பினால், மாமா அந்த ஒன்பதையும் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். அழாத குறை.

"எம் பக்கத்துல நின்னா அவளுக்கு ஒண்ணுமே நல்லா வரல போல. அதான் மாத்தி மாத்திக் கேட்டிருக்கா."

"உன் மேல தப்பே இல்ல மாமா. அந்தக்கா மக்கு. வேற ஆளப் பாரு" என்று தேற்றினேன். பத்து வயதும் முப்பத்திரண்டு வயதும் அருகருகே உட்கார்ந்து, ஒன்பது தடவையும் கண்கொட்டாமல் பார்த்தோம். இரண்டு பேரில் ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் தெருவில் வருவதை ஜன்னலில் பார்த்த மாமா, மகளை வெயிலில் நிறுத்தியதற்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நடுங்கிவிட்டார். "நான் இல்லன்னு சொல்லு" என்று என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டு அறைக்குள் புகுந்துகொண்டார். நானும் தெம்பாகப் போய் நின்றேன்.

"மாமா இல்ல. வேற ஹீரோயின் பாக்கப் போயிருக்காரு."

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைத்தவர், வாசலில் கிடந்த மாமாவின் செருப்பைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வரட்டும். உக்காந்திருக்கேன்" என்று உள்ளே வந்து அமர்ந்துவிட்டார்.

பெண்ணைப் பெற்றவர் தாமாகத் தட்டோடு வாசலேறுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்பதும், அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தட்டில் பூவும் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. மகளுக்கு நடிப்பு வராததற்கு மன்னிப்புக் கேட்க இவ்வளவு எதற்கு என்று நினைத்தபடியே, ஒரு பழத்தைப் பிய்த்து உரிக்க ஆரம்பித்தேன்.